ஈயக் குண்டின் சாட்சியம்

மண்ணில் கிடைத்த ஓர் ஈய உருண்டை எந்தத் துப்பாக்கிக்கு உரியது? இதற்கு விடை காண உதவுவது, அமெரிக்கரான டேனியல் சிவிலிச் எழுதி ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பதிப்பகம் 2016இல் வெளியிட்ட மஸ்கட் குண்டு அடையாளக் கையேடு. இந்த ஆங்கில நூல் நம் தென்காசி வட்டாரத்துக்கு எவ்வளவு பயன்படும் என்று பார்ப்போம்.

இது போர் கண்ட பூமி. 1755இல் கர்னல் ஹெரானின் படை நெற்கட்டும்செவலை முற்றுகையிட்டது. 1759இல் யூசுப்கானின் தாக்குதலைத் தாங்கிய வாசுதேவநல்லூர் மண்கோட்டை, 1767இல் கர்னல் காம்பெலிடம் வீழ்ந்தது. இவற்றை நமக்குக் கூறுபவை பெரும்பாலும் கம்பெனித் தரப்பின் ஏடுகளே. பாளையக்காரர் தரப்பைச் சொல்ல மண்ணில் கிடக்கும் பொருள்களும் வேண்டும். ஆகவே ஒரு குண்டுக்குத் தவறான பெயர்ச்சீட்டு ஒட்டுவது சிறு பிழையன்று.

நூலின் சிறப்பு அதன் வாய்பாடு. நசுங்கிய குண்டின் விட்டத்தை அளக்க முடியாது, எடையை அளக்கலாம். கிராமில் உள்ள எடையின் கன மூலத்தை 0.2232ஆல் பெருக்கினால், பழைய விட்டம் அங்குலத்தில் கிடைக்கும். 27 கிராம் குண்டுக்குக் கன மூலம் 3, விட்டம் 0.67 அங்குலம். கம்பெனிச் சிப்பாய்களின் ‘பிரவுன் பெஸ்’ துப்பாக்கிக் குண்டு சுமார் 0.69 அங்குலம். இரண்டும் நெருங்கி வருகின்றன அல்லவா?

இங்கேதான் எச்சரிக்கை தேவை. 0.2232 என்ற எண்ணுக்குள் ஓர் அடர்த்தி மறைந்திருக்கிறது. கணக்கிட்டால் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10.5 கிராம் வருகிறது. தூய ஈயத்தின் அடர்த்தியோ 11.34. வார்ப்பில் தங்கும் காற்றும் கலப்பு உலோகமும் அடர்த்தியைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் நம் நாட்டு வார்ப்பில் அவை எவ்வளவு? தூய ஈயமானால் அதே குண்டின் விட்டம் 0.65 அங்குலமே. ஆசிரியரின் சான்றுகள் பெரும்பாலும் வட அமெரிக்கப் போர்க்களங்களைச் சேர்ந்தவை. இங்குள்ள முழுக் குண்டுகளை அளந்து நமக்கென ஓர் எண்ணைக் கண்டாலன்றி, வாய்பாட்டை அப்படியே ஏற்பதற்கில்லை.

இரண்டாவது குறை, நூல் பெரிதும் படைத்துறை அளவுகளை நம்பியிருப்பது. பாளையக்காரர்களின் திரித்துப்பாக்கிகள் ஒரே அளவில் செய்யப்பட்டவை அல்ல. மேலும், குற்றால மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்காரர் நாட்டுத் துப்பாக்கியில் இட்ட உருண்டையும் ஈயமே. மீன்வலைக் குண்டும் ஈயமே. உருண்டையாக இருப்பதால் மட்டும் ஒன்று பூலித்தேவர் காலத்தது ஆகிவிடாது. மண்சுவரில் புதைந்த குண்டு, கற்சுவரில் மோதியதைப் போல் நசுங்குவதில்லை. எனவே வடிவம் கெடாத குண்டைச் ‘சுடப்படாதது’ என்றும் முடிவு கட்டக்கூடாது.

இத்தகைய ஐயங்களை எழுப்பக் கற்றுத்தருவதும் இந்நூலே. பல் தடம் பதிந்த குண்டைக் கண்டால், வலி தாங்காத வீரன் கடித்தது என்று கதை கட்டுவது வழக்கம். பன்றி மென்றதாகவும் இருக்கலாமே என்று ஆசிரியர் பற்களை ஒப்பிட்டுக் காட்டும் பகுதி, மாணவர்கள் தவறாமல் படிக்க வேண்டியது.

எடையும் விட்டமும் துப்பாக்கியின் அளவைத்தான் கூறும். சுட்டவர் யார், எங்கிருந்து சுட்டார் என்பவற்றைக் கூறவல்லது, குண்டு கிடந்த இடமும் ஆழமும் அருகிலிருந்த பொருள்களும்தான். ஆகவே, பழைய கோட்டை மேட்டில் ஈயக் குண்டு தென்பட்டால் எடுத்துத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். ஈயம் நஞ்சு என்பதோடு, மேற்பூச்சிலுள்ள தடயங்களும் அழிந்துவிடும். இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.