பெருவழுதிக் காசு: பெயரும் உருவும்

பாண்டியர் நாணயம் என்றவுடன் பாசிர் கூடாங் வகுப்பறையிலும் மீன் சின்னமே நினைவுக்கு வருகிறது. ஆயின், 'பெருவழுதி' எனத் தமிழ்ப் பிராமியில் பொறித்த சதுரச் செப்புக்காசில் மீன் ஒருபுறமே. மறுபுறம் குதிரையும் ஆமைகளும் உள்ளன. இதனை வெளிப்படுத்திய இரா. கிருஷ்ணமூர்த்தியின் பணி போற்றுதற்குரியது.

குதிரையை வேள்விக் குறியாகக் கொண்டு, காசினை முதுகுடுமிப் பெருவழுதிக்கே உரித்தாக்குவாரும் உளர். அம்முடிபை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதியும் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியும் அப்பெயரினரே. கலங்களில் வந்திறங்கிய குதிரைகளை மதுரைக்காஞ்சியும் குறிப்பிடுகிறது.

பண்டைய இத்தாலியில், இரும்புருக்கிய எத்துருஸ்க நகரான பொப்புலோனியாவின் வெண்கலக் காசில் சுத்தியலும் குறடும் இடம்பெற்றன. அவை கொல்லர் தெய்வத்தின் கருவிகள். அந்நகரின் தொழிற்கருவிகளும் ஆம். ஓருருவம் இருபொருள் தாங்கவல்லது என்பதற்கு அது சான்று. பெருவழுதியின் குதிரைக்கும் ஒற்றைப் பொருள் கற்பியாது, காசின் இருபுறத்தையும் மாணவர்க்குக் காட்டுதல் நம் கடமையாகும்.