மிதித்தால் விளக்கெரியுமா?

வெள்ளகோவில் தறிக்கூடத்தில் பாலியெஸ்டர் நூலருகே கையை நீட்டினால் ரோமம் சிலிர்ப்பதைக் கண்டிருப்பீர்கள். உராய்வில் பிறந்த அம்மின்னூட்டம் ஈரக்காற்றில் கசிந்துவிடும். மின்னூட்டத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கும் பிளாஸ்டிக் தாள்களும் உண்டு. இவற்றைத் தரையில் விரித்து நடந்தால் வீட்டுக்கே மின்சாரம் என்கிறார்கள் சிலர். இக்கூற்றைச் சற்று உரசிப் பார்ப்போம்.

தாளின் பெருமை மெய்யே. 1980களில் பின்லாந்தில் உருவான பாலிபுரொப்பிலீன் தாளுக்குள் தட்டையான குமிழிகள் உள்ளன. உயர் மின்னழுத்தம் கொடுத்தால் குமிழிக்குள் மின்னிறக்கம் நிகழ்ந்து, நேர், எதிர் மின்னூட்டங்கள் எதிரெதிர்ச் சுவர்களில் சிக்கிக்கொள்கின்றன. அழுத்தினால் குமிழி நசுங்குகிறது. மின்வாய்களில் மின்னூட்டம் தோன்றுகிறது. 1 நியூட்டன் விசைக்குக் குவார்ட்ஸ் படிகம் தருவது சுமார் 2 பிக்கோகூலும். இத்தாளோ சில நூறு தரும்.

இனிக் கணக்கு. 300 என்றே கொள்வோம். 70 மைக்ரான் தடிப்பும் 100 சதுர செ.மீ. பரப்பும் உள்ள தாளை 60 கிலோ எடையுள்ளவர் மிதித்தால் கிடைப்பது ஏறத்தாழ 10 மைக்ரோஜூல். 1 வாட் விளக்கு அதில் நொடியின் இலட்சத்தில் ஒரு பங்கு நேரமே எரியும்! பத்து அடுக்கு விரித்தாலும் பத்து மடங்குதான். வெப்பம் 60 டிகிரியைத் தாண்டினால் மின்னூட்டமும் வடியத் தொடங்கும்.

குறை தாளில் இல்லை, பேச்சில் இருக்கிறது. 1962இல் செஸ்லரும் வெஸ்ட்டும் மின்னூட்டம் தாங்கிய பிளாஸ்டிக் தாளால் ஒலிவாங்கி செய்தார்கள். குமிழித் தாளுக்கும் உரிய பணி அதுவே: மூச்சையும் நாடித்துடிப்பையும் ஒலியையும் உணர்ந்து சொல்வது. மாணவர்களே, இனி எவரேனும் காலடி மின்சாரம் என்றால், எத்தனை ஜூல் என்று கேளுங்கள்.