கொடுங்குற்றவாளியின் மனமும் அதை ஆராய்வோரும்

வேலூர்த் தொரப்பாடியில் பிரிட்டிஷார் காலத்தில் எழுந்த மத்தியச் சிறையையும், தென்மாநிலச் சிறை அதிகாரிகளைப் பயிற்றுவிப்பதற்காக 1979இல் அவ்வூரில் தோன்றிய சிறை நிர்வாகப் பயிற்சிக் கழகத்தையும் ஒருங்கே நோக்குவோர்க்கு, கொடுங்குற்றம் புரிந்தவனை அடைத்து வைப்பதோடு அவனை அறிந்துகொள்வதும் அரசின் கடமையே என்னும் எண்ணம் இம்மண்ணுக்குப் புதிதன்று என்பது விளங்கும். ஆயினும், அவ்வறிவை எதற்குப் பயன்படுத்துவது என்பதைப் பொறுத்தே, குற்றவாளியின் மனோபாவத்தை ஆராய்ந்து சொல்லும் நிபுணரின் தொழில் பெருமையோ சிறுமையோ அடைகிறது.

1970களின் இறுதியில் எஃப்.பி.ஐ.யைச் சேர்ந்த ராபர்ட் ரெஸ்லரும் ஜான் டக்ளஸும், பலாத்காரத்துக்கு ஆளான பெண்களின் மனத்துயரை முன்பே ஆராய்ந்திருந்த ஆன் பர்ஜெஸ் என்னும் செவிலியல் பேராசிரியையின் துணையோடு, அமெரிக்கச் சிறைகளில் 36 கொலையாளிகளின் இளமை, வளர்ப்பு, வெஞ்சினம், செயல் ஆகியவற்றை முறையாகக் கேட்டும் திரட்டியும் ஆராய்ந்தனர். வெறுப்பினால் எவரும் செவிகொடாத மனிதரின் வாய்மொழியைச் சான்றாக மதித்தது இம்முறையின் தலையாய சிறப்பு. பிடிபட்டவர் மட்டுமே பேசினர் என்பதும், பேசியவர் பொய்யுரைக்கவும் தற்பெருமை கொள்ளவும் வல்லவர் என்பதும் அதன் உடன்பிறந்த குறைகள்.

அக்குறைகளை மறந்து, கொலையாளிகளைத் திட்டமிடுபவன், திட்டமிடாதவன் என இரு கூறாக்கி, கொலை நிகழ்ந்த இடத்தைக் கண்டமாத்திரத்தில் முகமறியாத ஒருவனின் வயதையும் வாழ்வையும் உரைக்க முற்பட்டபோது, சாஸ்திரம் ஜோசியத்தின் வாசலில் போய் நின்றது. 100 தொடர் கொலையாளிகளின் குற்றங்களை ஆராய்ந்த உளவியலாளர் டேவிட் கேன்டரின் குழுவினர், அப்பாகுபாட்டுக்கு ஆதாரமில்லை என்று 2004இல் காட்டினர். 1992இல் லண்டனில் நிகழ்ந்த ஒரு கொலையிலோ, உளவியலாளரின் சித்திரத்துக்குப் பொருந்தியவனாகக் கருதப்பட்ட ஒரு நிரபராதி ஓராண்டுக்கு மேல் சிறையிலிருந்தான். 1994இல் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளியது. 2008இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட உண்மைக் குற்றவாளி, இடைக்காலத்தில் ஒரு தாயையும் அவள் குழந்தையையும் கொன்றிருந்தான்.

அத்தகைய சித்திரம் நம் பக்கத்தில் என்ன பாடுபடும்? கத்தி பிடித்துப் பழகியவன், ஊன் நாற்றத்துக்குக் கூசாதவன், இரவில் வேலை முடிந்து திரும்புபவன் என்று ஒரு நிபுணர் எழுதிக் கொடுப்பாராயின், ராணிப்பேட்டையிலும் பேரணாம்பட்டிலும் டேனரியில் பச்சைத்தோலின் உட்சவ்வைச் சீவி எடுப்பவர் முதல், ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோலின் விளிம்பை இழைத்து மெலிதாக்குபவர் வரை சந்தேகத்துக்குத் தப்புவார் எவர்? வேறோர் ஊரில் அபூர்வமான அடையாளம் இங்கே ஜீவனோபாயம். 1871ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் சாதி சாதியாக மக்களைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பதிந்த கொடுமை 1947இல்தான் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. நிபுணர் சாதியைப் பேசாராயினும், அவர் சொல்லைக் கேட்கும் செவி அப்பழக்கத்தை முற்றும் துறந்துவிட்டது என்று கொள்வதற்கில்லை.

ஆதலின் இத்தொழிலுக்கு உரிய இடம் துப்புத் துலக்கும் காவல் நிலையமன்று. குற்றம் நிரூபணமான பின் தண்டனையை நிர்ணயிக்கும் நீதிமன்றமும், அதை நிறைவேற்றும் சிறையுமேயாம். சம்மதமின்றி நார்கோ சோதனை முதலியவற்றுக்கு ஒருவனை உட்படுத்தலாகாது என்று 2010இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மரண தண்டனை கோரப்படும் வழக்குகளில் மனோதத்துவ மதிப்பீட்டையும், சிறையில் குற்றவாளியின் நடத்தையையும், அவன் செய்த வேலையையும் பற்றிய அறிக்கைகளைக் கேட்டுப் பெற வேண்டுமென்று 2022இல் மனோஜ் வழக்கில் வழிவகுத்தது. வேலூர்ச் சிறையில் காவலர்க்கான ஷூக்கள் தயாராகும் தொழிற்கூடம் உண்டு. கத்தியால் குற்றம் புரிந்த ஒருவன், அங்கே ஆண்டுக்கணக்கில் கத்தியைக் கையிற்கொண்டு தோலை அளந்து வெட்டி, எவரையும் தீண்டாது பணி முடித்திருப்பானாயின், அவ்வொழுக்கம் அவனது பால்யகால வரலாற்றுக்கு எவ்வகையிலும் குறையாத சான்றன்றோ?

முகமறியாதவனைப் பற்றி ஊகிக்கும் நிபுணர் பிழைத்தால் நிரபராதி சிறைபுகுவான். எதிரிலிருப்பவனைக் கேட்டெழுதும் நிபுணர் பிழைத்தாலோ, குறுக்கு விசாரணை செய்து திருத்த வழியுண்டு. திருத்தப்படும் வாய்ப்புள்ள இடத்தில் மட்டும் பேச இசைவதே இத்தொழிலுக்கு விவேகம்.