பூசாத சுவர்

பாகான் செராயில் அண்ணாந்து பார்க்கக் கட்டடம் அதிகமில்லை. வயலும் வாய்க்காலுமாகப் பரந்து கிடக்கும் ஊர். வெளியூர் உறவுக்காரர்கள் வந்தால் இடிஎஸ் ரயிலேற்றி ஈப்போவுக்குக் கூட்டிப்போய்விடுவேன். இறங்கியதும் ரயில் நிலையத்தின் வெள்ளைக் குவிமாடத்தைப் படமெடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஹப்பேக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1917இல் முடிந்த நிலையம் அது. அழகுதான். ஆனால் எனக்குக் கால் பரபரப்பது பத்து காஜாவுக்கு, கெல்லி கோட்டைக்கு.

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். 1890இல், 20 வயதில் மலாயா வந்து ரப்பரில் பணம் பார்த்தவர். மகன் பிறந்த 1915இல் இந்த மாளிகையைத் தொடங்கினார். வேலைக்கு மெட்ராஸிலிருந்து சுமார் 70 தமிழர்களைக் கப்பலேற்றினார். செங்கல்லும் பளிங்கும்கூட அங்கிருந்தே வந்தன என்பார்கள். 1926இல் லிஸ்பனில் துரை இறந்துபோக, மாளிகை அரைகுறையாக நின்றுவிட்டது.

வருகிறவர்கள் பேயையும் சுரங்கப் பாதையையும் தேடுகிறார்கள். எனக்குப் பேய் வேண்டாம், கொத்தனார் போதும். காரை உதிர்ந்த இடமாகப் பார்த்து நிற்பேன். வளைவு கட்டுவது லேசுப்பட்ட வேலையில்லை. முதலில் மரத்தில் சாரம் வளைக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாகச் செங்கல் ஏறி வந்து உச்சியில் சேர வேண்டும். கல்லைச் சீவாமல் கட்டினால் சாந்துதான் ஆப்பு. உள்வளைவில் நூலாக மெலிந்து, வெளிவளைவில் விரலாகத் தடிக்கும். அந்தத் தடிப்பு கல்லுக்குக் கல் ஒரே சீராக வந்திருக்கிறதா என்று கண்ணாலேயே அளந்துகொண்டு போவேன். சாரத்தைப் பிரித்த நாளில் கீழே நின்றவனுக்கு எப்படி இருந்திருக்கும்? பூசி வெள்ளையடித்து முடித்திருந்தால் இதெல்லாம் கண்ணில் பட்டிருக்காது. வீடு முடியாமல் போனது துரைக்கு நஷ்டம், எனக்கு லாபம்.

இங்கிலாந்தில் பாத் என்ற வெந்நீர் ஊற்று நகரில் ராயல் கிரெசன்ட் இருக்கிறது. 1767 முதல் 1775 வரை கட்டிய 30 வீடுகள், பிறை வடிவில், ஒரே முகப்போடு. கொல்லைப்புறம் போனால் வீட்டுக்கு வீடு வேறு வேறு: ஒன்று துருத்தியிருக்கும், ஒன்று உள்வாங்கியிருக்கும். உலகம் முகப்புக்குத்தான் காசு கொடுத்துப் போகிறது. என்னைக் கேட்டால் அங்கேயும் கொல்லைப்புறம்தான். ஈப்போ நிலையம் முகப்பு என்றால், கெல்லி கோட்டை முழுக்க முழுக்கக் கொல்லை.

வேலை நடக்கும்போதே காய்ச்சல் கண்டு ஆட்கள் செத்தார்கள். மிஞ்சியவர்கள் கோயில் கேட்டார்கள், துரை கட்டித் தந்தார். கோட்டையிலிருந்து சற்றுத் தள்ளி அந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. மாளிகையில் அடுத்தவர் வரைபடத்துக்கு உழைத்த கைகள் இங்கே தங்கள் இஷ்டத்துக்குச் சுதை பிடித்திருக்கின்றன. கூரைமேல் சாமிகளின் வரிசையில் வெள்ளை உடையும் தொப்பியுமாக ஓர் உருவம்.

போன முறை தஞ்சாவூரிலிருந்து வந்த அத்தை அதைக் கண்டதும், "தம்பி, இது எந்தச் சாமிப்பா?" என்று கேட்டார்.

"துரைச்சாமி அத்தை."

கும்பிடத் தூக்கிய கை பாதியிலேயே நின்றுவிட்டது.