குருவியின் அலகும் தமிழ் வினைச்சொல்லும்

ஜொனதன் வைனர் எழுதிய ‘த பீக் ஒஃப் த ஃபிஞ்ச்’ (1994), கூர்ப்புக்கான சான்று பாறைகளுட் புதைந்த எலும்புகளில் மட்டுமே உண்டென்னும் எண்ணத்தை அசைக்கும் நூல். இயற்கைத் தேர்வு கண்ணுக்குப் புலப்படாத மந்தகதியில் நிகழ்வதென்றே 1859இல் டார்வின் கருதினார். பீற்றர் கிரான்ற், றோஸ்மேரி கிரான்ற் தம்பதியினரோ 1973 முதல் கலாபாகஸ் கூட்டத்தின் டப்னி மேஜர் என்னும் சிறு தீவிற் குருவிகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகை அளந்து, அத்தேர்வைக் கண்முன் கண்டனர்.

1977இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்தன. நெருஞ்சி இனத்துச் செடியொன்றின் முள் நிறைந்த வன்காய்கள் எஞ்சின. நடுத்தர நிலக்குருவிகளுள் நூற்றுக்கு 85 வீதமானவை அழிந்தன. தப்பியவற்றின் அலகுத் தடிப்புச் சராசரி முன்னையதிலும் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் கூடியிருந்தது. அவற்றின் குஞ்சுகளும் தடித்த அலகையே பெற்றன. எந்தவொரு குருவியின் அலகும் வறட்சியாற் தடிக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. மாறியது குடித்தொகையே. தனிப்பறவை எதுவும் நாயகனாகாத இக்கதையை அந்நுட்பம் கெடாது சொல்லியமையே வைனரின் சாதனை எனலாம். பிற்பகுதியிற் பூச்சிகள், பற்றீரியா என நூல் தாவிச் செல்லுமிடத்துப் பத்திரிகையாளரின் அவசரம் தெரிகின்றது.

தமிழில் இச்செய்தி எவ்வாறு எழுதப்படுகின்றது? ‘உயிரினம் சூழலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கின்றது’ என்பது பழகிப்போன வாக்கியம். ‘கொள்’ என்னும் துணைவினை, செய்வோனையும் அவன் நாடும் பயனையும் உடன்கொணர்வது. குருவி வேண்டி முயன்று அலகு வளர்த்ததுபோன்ற மயக்கம், லாமார்க்கின் பழங்கருத்துக்கு அண்மையதான மயக்கம், இலக்கணத்தின் வழியே உட்புகுகின்றது. ‘எஞ்சின’, ‘பெருகின’ என்னும் எளிய வினைகள் இருக்க, இது வேண்டாத இடர்.

‘கூர்ப்பு’ என்னும் கலைச்சொல்லும் பழுதற்றதன்று. கூர்மைப்படுதல் என்னும் முன்னேற்றக் குறிப்பு அதிலுண்டு. (தமிழகத்தார் வழங்கும் ‘பரிணாமம்’ இவ்வகையில் மேலானது.) 1983இன் பெருமழையின்பின் சிறு விதைகள் மலிய, அடுத்துவந்த 1984–85 காலத்திற் சிறிய அலகினவே மிகுதியாகத் தப்பின. இதில் முன்னேற்றம் எத்திசையது?

நூல் வெளிவந்தபின் நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கற்பாலது. 1982இற் குடியேறிப் பெருகிய பெருநிலக்குருவி, வன்காய்களை உண்பதில் வலிய போட்டியாயிற்று. 2004–05 வறட்சியில் நடுத்தரக் குருவிகளுட் பெரிய அலகினவே பெரிதும் மடிந்தன. சிறிய அலகின எஞ்சின. அதே தீவு, அதே இனம், மீண்டும் ஒரு வறட்சி. விளைவோ 1977க்கு நேர்மாறானது.