கிரைம்ஸின் கோச்செல்லா சொதப்பல்: டிஜேக்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

2024 ஏப்ரல் 13. கலிஃபோர்னியாவில் நடக்கும் கோச்செல்லா இசைத் திருவிழாவின் சஹாரா மேடையில் கனடாவைச் சேர்ந்த இசைக்கலைஞர் கிரைம்ஸ் டிஜே செட் ஒன்றை நடத்தினார். ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குப் போகும் இடமெல்லாம் இடறியது. டெம்போ எல்லாம் இரட்டிப்பாகக் காட்டுகிறது, மனசுக்குள்ளே கணக்குப் போட முடியவில்லை என்று மைக்கிலேயே விளக்கம் சொன்னார், மன்னிப்புக் கேட்டார், ஒரு கட்டத்தில் கடுப்பில் கத்தியும் விட்டார். அந்தக் காணொளித் துண்டுகள் சில மணி நேரத்தில் உலகம் சுற்றின. பிறகு எக்ஸ் தளத்தில் எழுதியபோது, ரெக்கார்ட்பாக்ஸில் பாடல்களைத் தயார் செய்வது, பிபிஎம் பார்ப்பது போன்ற வேலைகளை நேரம் மிச்சப்படுத்த வேறு ஆளிடம் கொடுத்ததாகவும், இனி தானே செய்யப்போவதாகவும் சொன்னார். அடுத்த வார இறுதியில் அதே விழாவில் மறுபடி ஏறினார். இந்தத் தடவை பெரிய சிக்கல் எதுவும் இல்லை.

இதற்கு வந்த எதிர்வினைகள் ரெண்டு வகை. "நிஜ டிஜேன்னா காதாலேயே பீட் சேர்த்திருப்பாங்க, எண்ணை எதுக்குப் பாக்கணும்?" என்பது ஒன்று. "தொழில்நுட்பக் கோளாறு, யாருக்கும் வரலாம்" என்பது இன்னொன்று. முதல் கட்சிக்காரர்கள் பேசுவதைக் கேட்டால் "ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்" என்ற பழமொழிதான் ஞாபகம் வரும். ஆனா இங்கே மேடை நிஜமாவே கோணல்தான். என் கேள்வி வேற: மேடை கோணல்னு ஏறுறதுக்கு முன்னாடி ஏன் தெரியல?

முதலில் அந்தக் கோணலைப் பார்ப்போம். ஒரு பாட்டின் வேகத்தை மென்பொருள் கண்டுபிடிக்கும்போது சரியாகப் பாதி அல்லது சரியாக இரட்டிப்பு என்று தவறுவது ரொம்ப சகஜம். இசையைக் கணினியால் அலசும் ஆராய்ச்சித் துறையில் இதுக்கு 'ஆக்டேவ் பிழை'ன்னே பேர் இருக்கு. காரணம் எளிமையானது. டிரம் அண்ட் பேஸ் வகைப் பாட்டு ஒன்றை நிமிஷத்துக்கு 174 தட்டு என்றும் எண்ணலாம், 87 என்றும் எண்ணலாம். ரெண்டுமே தாளத்தோடு பொருந்தும். ஒரே பாட்டுக்கு ரெண்டு பேர் ரெண்டு வேகத்தில் கால் தட்டுவது இல்லையா, அதே கதைதான். மென்பொருளுக்கு இது வாடிக்கையான பிழை. அதனால்தான் இந்த நிரல்களில் வேகத்தை ரெண்டால் பெருக்கவும் வகுக்கவும் தனிப் பொத்தானே வெச்சிருக்காங்க.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. டெம்போ ஸ்லைடர் சதவீதத்தில் வேலை செய்யும். 128-ஐ 130 ஆக்க சுமார் 1.56 சதவீதம் ஏற்றணும். 256-ஐ 260 ஆக்கவும் அதே 1.56 சதவீதம்தான். அதாவது எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இரட்டிப்பாகக் காட்டினா விகிதம் மாறாது. ஒன்று 128 என்று சரியாகவும் இன்னொன்று 256 என்று தப்பாகவும் இருந்தா, எண்ணை மட்டும் நம்புகிற ஆள் மாட்டிக்குவார். கேட்கிற ஆள் தப்பிச்சுக்குவார். ஏன்னா கூட்டத்துக்குப் போவது ஸ்பீக்கரில் வர்ற தாளம்தான், திரையில் இருக்கிற எண் இல்ல.

அப்படின்னா "காதால் சேர்க்கத் தெரியணும்" என்ற முதல் கட்சி சொன்னதுதானே சரி? முழுக்க இல்ல. பீட்மேட்சிங், அதாவது ரெண்டு பாட்டின் தட்டுகளை ஒண்ணா விழ வைப்பது, முக்கியமான கைத்திறன். ஆனா டிஜே கலையின் உயிர் அதில் இருக்குன்னு வரலாறு சொல்லல. டேவிட் மன்குசோ 1970-இல் நியூயார்க்கில் தன் வீட்டிலேயே 'தி லாஃப்ட்' விருந்துகளை ஆரம்பித்தார். நடன இசை வரலாற்றில் அவரைத் தாண்டி யாரும் எழுத முடியாது. அவர் பிற்காலத்தில் மிக்ஸ் பண்றதையே விட்டுட்டார். ஒரு இசைத்தட்டை முதலிலிருந்து கடைசிவரை போடுவார், நடுவில் கொஞ்சம் மௌனம், பிறகு அடுத்த தட்டு. ஜனம் ஆடத்தான் செய்தது.

மறுபக்கம் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ். எழுபதுகளின் பிராங்க்ஸில் வளர்ந்தவர், மின்னணுவியல் படித்தவர். ஒரு தட்டு ஓடும்போதே அடுத்த தட்டை ஹெட்ஃபோனில் கேட்டுப் பார்க்க வசதி தேவைப்பட்டது, தானே ஒரு சுவிட்ச் அமைப்பைச் செய்துகொண்டார். பிரேக் ஆரம்பிக்கும் இடத்தை கிரேயானால் இசைத்தட்டின் மேலேயே கோடு போட்டு, எத்தனை சுற்று பின்னால் சுழற்றணும்னு கணக்கு வெச்சுக்கிட்டார். இன்றைய க்யூ பாயின்ட் இந்தக் கிரேயான் கோட்டின் பேரன்தான்.

மன்குசோவுக்கும் ஃப்ளாஷுக்கும் மேடையில் எந்தப் பொருத்தமும் இல்ல. ஒருத்தர் தட்டைத் தொடவே மாட்டார், இன்னொருத்தர் தொடாம விடமாட்டார். ஆனா ரெண்டு பேருக்கும் தன் தட்டுகள் அத்துப்படி. கோடு போட்டது ஃப்ளாஷின் கை. அந்தக் கோட்டை வேற யாரோ போட்டிருந்தா அது அவருக்கு வெறும் கிரேயான் கறைதான். கிரைம்ஸ் விஷயத்தில் தொலைந்தது இதுதான்னு நினைக்கிறேன். தயாரிப்பு வேலையை குமாஸ்தா வேலைன்னு நினைச்சு வெளியே கொடுத்தாச்சு. டிஜேக்கு அதுதான் சாதகம். பாட்டை இருபது தடவை கேட்டு, எங்கே மூச்சு விடுது, எங்கே குரல் வருது, எங்கே பேஸ் இறங்குதுன்னு உடம்பில் ஏத்திக்கிறது அங்கேதான்.

மற்ற வழக்கமான தப்புகளையும் இந்தக் கண்ணாடி வழியா பார்த்தா பெரும்பாலும் ஒரே வேரில் போய் முடியுது.

ரெண்டு பாட்டின் பேஸையும் ஒரே நேரத்தில் திறந்து விடுவது. கீழ் அலைவரிசையில் ரெண்டு கிக்கும் ரெண்டு பேஸும் முட்டினா கூழாகிடும். உள்ளே வர்ற பாட்டின் பேஸைக் குறைச்சு வெச்சு, சரியான இடத்தில் பழையதை இறக்கி புதியதை ஏத்தணும். 'சரியான இடம்' எதுன்னு தெரிய பாட்டு தெரியணும். நடன இசை பெரும்பாலும் 32 தட்டுகள் கொண்ட பத்திகளாகத்தான் நகரும். பத்தியின் நடுவில் நுழைந்தா, பீட் கச்சிதமா சேர்ந்திருந்தாலும், ஒருத்தர் பேசும்போது குறுக்கே பேசின மாதிரி இருக்கும். குரல் மேல குரல் ஏறினா இன்னும் மோசம்.

சிவப்பு விளக்கு. கூட்டம் அடங்கினா சத்தத்தை ஏத்துறது பலருக்குப் பழக்கம். மிக்ஸரில் சிவப்பு எரிய ஆரம்பிச்சா சத்தம் கூடுவதை விடக் கரகரப்புதான் கூடும். கூட்டம் அடங்கியது பாட்டுத் தேர்வால், வால்யூமால் இல்ல.

மெயின் ஸ்பீக்கரை வெச்சு பீட் சேர்ப்பது. ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கர் பத்து மீட்டர் தள்ளி இருந்தா கிட்டத்தட்ட 29 மில்லி நொடி தாமதம். 128 வேகத்தில் ஒரு தட்டுக்கு 469 மில்லி நொடி, அதில் 29 பிசகினா காதுக்கு 'டபடப'ன்னு நல்லாவே கேட்கும். பக்கத்து மானிட்டரை முதலில் சரிபார்க்கணும்.

ஆரம்ப நேரத்து டிஜே, கூட்டம் சேர்வதுக்கு முன்னாடியே உச்சக்கட்டப் பாட்டுகளை எல்லாம் கொட்டிடுவது. தன் செட்டை மட்டும் யோசிச்சா இப்படித்தான் ஆகும். அடுத்து வர்றவருக்கு இடம் விட்டு இறங்குறதும் அந்த வேலையில் அடக்கம்.

கடைசியா, எல்லாம் சொதப்பும்போது என்ன செய்வது? மென்பொருள்காரர்கள் ஒரு பாகம் செத்தாலும் மிச்சத்தை வெச்சு ஓடுற மாதிரி அமைப்பைக் கட்டுவோம். டிஜேக்கு அந்த மாற்று வழியை மன்குசோ எப்பவோ கொடுத்துட்டார்: பாட்டை முடியவிடு, அடுத்ததைப் போடு. பீட் சேராத ரெண்டு பாட்டுக்கு நடுவே ரெண்டு நொடி மௌனம் வந்தா பெரும்பாலானவங்க கவனிக்கவே மாட்டாங்க. மைக்கில் மன்னிப்புக் கேட்டா கவனிக்காதவனும் கவனிப்பான். அன்றைக்கு கிரைம்ஸின் செட்டை அதிகம் காயப்படுத்தியது தப்பான எண்ணைவிட அந்த விளக்கங்கள்தான் என்பது என் கணிப்பு.

இதை எல்லாம் மேடை ஏறும் முன் செய்ய வேண்டிய வேலையாகச் சுருக்கினா: பாடல்களை நீங்களே கேட்டு, நீங்களே குறியிடுங்க. மென்பொருள் சொல்ற வேகத்தை ஒரு தடவை கால் தட்டிச் சரிபாருங்க. ஒரே தொகுப்பை ரெண்டு பென் டிரைவில் வெச்சுக்குங்க. முடிஞ்சா அன்றைக்கு வாசிக்கப்போற கருவியிலேயே திறந்து பாருங்க. சிங்க் பொத்தானைத் தாராளமா அழுத்துங்க, அது பாவம் இல்ல. ஆனா அது வேலை செய்யாத ராத்திரியிலும் அடுத்து என்ன பாட்டு, ஏன் அந்தப் பாட்டுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். அதை மட்டும் யார்கிட்டயும் ஒப்படைக்க முடியாது.