தூக்கிக் கொடுத்ததல்ல, பிடுங்கியது

சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 12 அன்று நடந்த உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டத்தைப் பற்றி திருப்பூரில் யாரிடம் பேசினாலும், "டிங் லிரென் தூக்கிக் கொடுத்தார், குகேஷ் வாங்கிக்கொண்டார்" என்று முடித்துவிடுகிறார்கள். நான் பட்டம் எதுவும் இல்லாத, ஓய்வு நேரத்தில் ஆடுகிறவன். ஆனாலும் இந்தத் தீர்ப்பை ஏற்க மாட்டேன்.

அன்று இருவருக்கும் தலா 6.5 புள்ளி. டிரா ஆனால் அடுத்து ரேபிட் எனும் வேக ஆட்டங்கள். அதில் டிங்குக்கே வாய்ப்பு அதிகம் என்று பலரும் கருதினார்கள். ஆட்டமும் டிரா பக்கம்தான் போனது. இருவரிடமும் ஒரு யானை, ஒரு பிஷப். கறுப்பில் ஆடிய குகேஷுக்கு ஒரு சிப்பாய் மட்டும் கூடுதல். சரியாகத் தடுத்தால் அதை வைத்து ஜெயிக்க முடியாது. இருந்தும் குகேஷ் விடவில்லை, நகர்த்திக்கொண்டே இருந்தார்.

55-வது நகர்வில் டிங் யானையை f2-க்கு இறக்கி, யானைக்கு யானை வெட்டிக்கொள்ள அழைத்தார். பார்வைக்குப் பாரம் குறைக்கும் நகர்வு. கோளாறு பிஷப்பில் இருந்தது. அது a8 மூலையில் கிடந்தது. மூலையில் நிற்கும் பிஷப்புக்கு ஒரே சாய்கோடுதான் உண்டு. யானைகள் போனதும் குகேஷ் தன் பிஷப்பை d5-இல் வைத்தார், பக்கத்தில் காவலுக்கு ராஜா. டிங்கின் பிஷப் b7-க்குப் போனாலும் c6-க்குப் போனாலும் அதே கோடு, அதே வெட்டு. நடுப்பலகையில் நின்றிருந்தால் இன்னொரு கோட்டில் நழுவியிருக்கும். பிஷப்புகளும் ஒழிந்தபின் மிச்சம் ராஜாவும் சிப்பாய்களும்; அங்கே அந்த ஒரு சிப்பாயே போதும். 58-வது நகர்வில் குகேஷின் ராஜா e5-க்கு வந்து, e3 ராஜாவை நேருக்கு நேர் மறித்ததும் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

டிங்கின் f2 நகர்வுக்குப் பதிலாக முதலில் யானையை b3-க்கு நகர்த்தப் போனதாகவும், அப்புறம்தான் பிஷப் மாட்டுவதைப் பார்த்ததாகவும் குகேஷே பிறகு சொன்னார். என் கணக்கில் ஆட்டத்தின் உச்சம் அந்தத் தாமதம்தான்.

டிங்கைக் குறை சொல்வதற்கு முன் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். 40 நகர்வுக்குப் பிறகு கிடைப்பது 30 நிமிடம், அதோடு நகர்வுக்கு 30 விநாடி. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிஃப்டின் கடைசி மணி நேரத்தில் கைதேர்ந்த டெய்லருக்கும் தையல் பிசகும். அந்த நேரம் வரை எதிராளியை உட்கார வைத்ததுதான் குகேஷின் உத்தி. 11-வது ஆட்டத்திலும் இதே கதை: நெருக்கடி முற்றியபோது டிங் ராணியை c8-க்கு நகர்த்த, குகேஷின் ராணி c6 குதிரையை வெட்டியது, அங்கேயே ஆட்டம் முடிந்தது. அடுத்த ஆட்டத்தையே அபாரமாக ஜெயித்துச் சமன் செய்த ஒருவரிடமிருந்து இப்படி இரண்டு முறை பிடுங்கியதை அதிர்ஷ்டத்தின் கணக்கில் என்னால் எழுத முடியாது.